திபூர்சியானின் நீலம்

சிப்பித்துறையில் லில்லிபுஷ்பத்தை எல்லாரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்திரண்டு வயது. கொச்சியில் ஒரு படகுத் தளத்தில் வேலை படித்தவள். ஃபைபர் படகு ஒடிந்தாலும் ஓட்டை விழுந்தாலும் அவள் கொட்டகைக்குத்தான் வர வேண்டும். வாய் கொஞ்சம் நீளம். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயதுச் சீடர் ஒருவர் வந்து சேர்ந்தார். பங்கிராஸ். படகை நடத்துகிற தலைவனை அந்தக் கரையில் தண்டல் என்பார்கள். நாற்பது வருஷம் தண்டலாக இருந்த மனுஷன், கையில் டீ டம்ளரோடு வந்து அவள் முன்னால் நின்றார்.

"மேஸ்திரி, என் படகுல ஒரு பேரு இருக்கு. அதை அழிக்கணும்."

"யாரு படகுப் பேரு?"

"அந்த ஆளு பேரை என் வாயால சொல்ல மாட்டேன்."

சொல்லவே வேண்டாம், கரைக்கே தெரியும். அது திபூர்சியான் வைத்திருந்த படகு. கடல்ராசா என்று பேர். திருவிழாப் படகுப் போட்டியில் ஐந்து வருஷம் முதலில் வந்தது. ஐந்து வருஷமும் இரண்டாவதாக வந்தவர் பங்கிராஸ். முழங்கால் போனதும் திபூர்சியான் அதை விற்றுவிட்டார். இரண்டு மூன்று கை மாறி, வெயிலில் கிடந்து, நீலமெல்லாம் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்து, கடைசியில் அது பங்கிராஸிடமே வந்தது.

பங்கிராஸ் முதல் காரியமாக ஒட்டியிருந்த பழைய எழுத்துகளைப் பிய்த்து எறிந்தார். என்ன கொடுமை! எழுத்துக்கு அடியில் வெயில் படவில்லையே. அந்த இடம் மட்டும் கருநீலமாக நின்றது. ஸ்டிக்கர் போய்விட்டது, பேர் போகவில்லை.

மாதா திருவிழா அன்று படகுகள் வரிசையாக, கடலுக்குள் நீட்டிக் கட்டிய பாலத்தைத் தாண்டிப் போகும். கோயில் உபதேசியார் அங்கே நின்று மைக்கைப் பிடித்து, முன்பக்கத்தில் இருக்கிற பேரை ஒவ்வொன்றாக வாசிப்பார். போன வருஷம் பங்கிராஸ் தன் மனைவி பிலோமினாவின் பேரை வெள்ளைப் பெயின்டில் எழுதிக்கொண்டு போனார். வெளுத்த படகில் வெள்ளை எழுத்து. உபதேசியார் எது பளிச்சென்று தெரிந்ததோ அதை வாசித்தார்.

"அடுத்து வருவது, கடல்ராசா!"

கரை முழுக்கச் சிரிப்பு. புதுச்சேலை கட்டி வந்திருந்த பிலோமினா யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா நான் படகையே தொடமாட்டேன் மேஸ்திரி. மாதா மேல சத்தியம்."

"எங்கிட்ட ஏழு படகு நிக்குது. செஞ்சு தர முடியாது. வேணும்னா கத்துத் தாரேன். பத்து நாள் இருக்கு. சம்மதமா?"

"சம்மதம்."

லில்லிபுஷ்பம் ஒரு கறுப்புத் துணியை நீட்டினாள்.

"எழுத்து மேல துடைங்க."

துடைத்தார். துணி சுத்தமாக இருந்தது.

"பக்கத்துல துடைங்க."

துடைத்தார். துணி மாவு மாவாக வெளுத்தது.

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"போயிட்டு நாளைக்கு வாங்க."

மறுநாள் அவள் வருவதற்கு முன்பே பங்கிராஸ் வந்து வேலையை ஆரம்பித்துவிட்டார். இருப்பதிலேயே முரட்டு உப்புத்தாளை எடுத்து, முதல் எழுத்தைப் போட்டுத் தேய்த்திருந்தார். ஐந்து வருஷக் கோபம் கையில் இருந்தது. மேல்பூச்சு போய் ஃபைபர் நார் தெரிந்தது.

"அய்யோ மாதாவே! என்ன தண்டல், படகோட தோலை உரிச்சு வச்சிருக்கீங்க?"

"பேரு அங்கதான இருக்கு மேஸ்திரி."

"நேத்து துணி எங்க வெளுத்துச்சு?"

பங்கிராஸ் உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

அவள் ஒரு டப்பாவில் பூச்சுக் கலவையை ஊற்றினாள். நீலச் சாயத்தை எடுத்துக்கொண்டாள்.

"ஓட்டையை அடைக்கணும். நிறம் எதைப் பாத்துச் சேக்கட்டும்?"

"படகோட அசல் நிறத்தைப் பாத்து."

"அது எங்க இருக்கு? காட்டுங்க."

பங்கிராஸ் படகைச் சுற்றி வந்தார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார். எங்கே பார்த்தாலும் சுண்ணாம்பு. திரும்பி வந்து நின்றார். விரலைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கி, மிச்சமிருந்த எழுத்தில் வைத்தார்.

"இங்க."

"யாரு ஒட்டுன எழுத்து?"

பங்கிராஸ் விரலை எடுக்காமலே சொன்னார்.

"திபூர்சியான்."

அவள் அந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்துச் சொட்டுச் சொட்டாகச் சாயம் சேர்த்தாள். பூசி முடித்துவிட்டு உப்புத்தாள் கட்டை அவர் கையில் கொடுத்தாள்.

"இனிமே எழுத்து மேல கை படக் கூடாது. மத்த இடத்தைத் தேய்ங்க. தண்ணி ஊத்தித் தேய்ங்க. முரடு முடிஞ்சா நைசு, நைசு முடிஞ்சா அதைவிட நைசு. துணியில மாவு ஒட்டுச்சுன்னா முதல்ல இருந்து."

தேய்த்தார். பால் மாதிரித் தண்ணீர் ஒழுகியது. தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. நாலாம் நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"மேஸ்திரி, தேங்கா எண்ணெய் தடவுனா ஒரு நாளைக்கு மினுமினுன்னு இருக்கும். திருவிழாவும் ஒரு நாள்தான?"

"நாப்பது வருஷத்துல நீங்க ஒரு நாள்தான் கடலுக்குப் போனீங்களா?"

பங்கிராஸ் மறுபடி தாளை நனைத்தார்.

அப்புறம் பாலிஷ் மெஷின். ஒவ்வொரு அடி முடிந்ததும் எழுத்தின் பக்கத்தில் போய் நின்று ஒப்பிட்டுப் பார்ப்பார். இன்னும் பத்தாது என்று திரும்பி வருவார். ஒரு நாள் தனக்குத்தானே முனகியது லில்லிபுஷ்பத்துக்குக் கேட்டது.

"பாவிப்பய, நல்ல நீலமாத்தான் வச்சிருந்திருக்கான்."

ஒன்பதாம் நாள் மெழுகு பூசித் துடைத்தார். கறுப்புத் துணி கறுப்பாகவே இருந்தது. மஞ்சள் பெயின்டில் பிலோமினா என்று எழுதினார்.

திருவிழா அன்று கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அமைதியாகக் கிடந்தது. படகுகள் ஒவ்வொன்றாகப் பாலத்தைத் தாண்டின. ஏழாவதாக ஒரு நீலம் வந்தது. தண்ணீரின் வெளிச்சம் அதன் பக்கவாட்டில் நெளிந்தது. உபதேசியார் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். பங்கிராஸ் சுக்கானைப் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டார்.

"அடுத்து வருவது, பிலோமினா!"

கரையே எழுந்து கத்தியது. வெடி போட்டார்கள். பாலத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த திபூர்சியான், கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"யாருடே அது? புதுப் படகா?"

பிலோமினா புதுச்சேலையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி ஓடினாள். சேலை நனைவதை அவள் கவனிக்கவே இல்லை. பங்கிராஸுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

படகைக் கரையேற்றியதும் அவர் நேராக லில்லிபுஷ்பத்திடம் வந்தார்.

"மேஸ்திரி, நீங்க சொன்ன பிறகு அந்த எழுத்து மேல நான் கை வைக்கவே இல்ல. இன்னைக்குக் காலையில தேடிப் பாக்கேன், ஒண்ணைக்கூடக் காணோம். எங்க போச்சு?"

லில்லிபுஷ்பம் படகைப் பார்த்தாள்.

"அது எங்கயும் போகல தண்டல். உங்க படகுதான் அதுகிட்ட வந்து சேந்துருக்கு."