காணாமல் போன தலைமையாசிரியரும் பிரிக்காத கம்ப்யூட்டர் பெட்டியும்

சாலைக்குறிச்சிக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். "போய் வாருங்கள்" என்று விடைகொடுத்தால், தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து நிற்பார்கள். அதனாலேயே அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் யாரும் அவர்களை வாய்விட்டு வழியனுப்புவதில்லை.

அந்த ஊர் நடுநிலைப்பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஞானசிகாமணி. அந்தப் பெயரை வைத்தவர் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்பே வைத்துவிட்டார் போலிருக்கிறது. கனத்த சரீரம், இளகிய மனசு. யாரிடமும் ஒரு கெட்ட வார்த்தை பேசியறியாத மனிதர்.

ஒரு திங்கட்கிழமை கல்வி அலுவலர் மரகதவல்லி ஜீப்பில் வந்து இறங்கினார். டிரைவர் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்து, பாரம் தாங்காமல் தலைமையாசிரியர் அறை வாசலிலேயே இறக்கி வைத்தார்.

"சார், இதுல கம்ப்யூட்டர் இருக்கு. புதுசா வந்திருக்கிற பள்ளி விவர மென்பொருளை உள்ளேயே போட்டுத்தான் கொண்டு வந்திருக்கோம். பிள்ளைங்க வருகை, மார்க், வீட்டு விலாசம், எல்லாம் ஒரே இடத்துல இருக்கும். யாராவது வரலைன்னா எங்கே இருக்காங்கன்னு இனிமே தேடி அலைய வேண்டாம். ஆனா இதை வெச்சு ஒரு செயல் ஆராய்ச்சி பண்ணணும். அதுக்கு முதல்ல திட்டம் போடுங்க. வெள்ளிக்கிழமை வர்றேன். ஏதோ ஒரு முயற்சியாவது கண்ணுல பட்டா கம்ப்யூட்டர் உங்களுக்கு. இல்லைன்னா மேலக்கரைக்குக் கொண்டுபோயிருவேன்."

மேலக்கரை என்ற பேரே ஞானசிகாமணிக்கு ஆகாது. அந்த ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் சிதம்பரவேல், இவர் மனைவி இசக்கியம்மாளின் கூடப்பிறந்த அண்ணன். "எங்கண்ணன் பள்ளிக்கூடத்துக்குச் சுத்துச்சுவர் வந்தாச்சாம்" என்று தட்டில் சாம்பார் விழும். "எங்கண்ணன் பள்ளிக்கூடத்துல தண்ணி மோட்டார் போட்டாச்சாம்" என்று ரசம் விழும். கம்ப்யூட்டரும் அங்கே போய்விட்டால் அப்புறம் மோர்ச்சோறுகூடத் தொண்டையில் இறங்காது. பாவம், மனிதர் நிஜமாகவே பயந்துபோனார்.

"திட்டம் எப்படிம்மா போடணும்?" என்று கேட்டார்.

"ரொம்ப சுலபம் சார். ஒரு சின்னப் பிரச்சினையில ஆரம்பிக்கணும். பழைய முறையில அதைத் தீர்க்க எவ்வளவு நேரமாகுதுன்னு அளக்கணும். அப்புறம் புது முறையில எவ்வளவு நேரமாகுதுன்னு அளக்கணும். ஆறாம் வகுப்புக்கு இது இருக்கட்டும். ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்காக, ஏழாம் வகுப்புக்கு இதோட வாடைகூடப் படக்கூடாது. நான் வர்ற வரைக்கும் பெட்டியை யாரும் தொட வேண்டாம்."

ஜீப் போனது. பெட்டி வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தொடாமல் உள்ளே போக வழியில்லை. ஞானசிகாமணி கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, பெஞ்சு போட்டு ஏறி ஜன்னல் வழியாக அறைக்குள் இறங்கினார். அன்று முதல் அவருக்கு அதுவே வாசல். வயிறு மட்டும் தினமும் ஒருமுறை சிக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து தள்ளிவிடும் பொறுப்பைக் கணக்கு வாத்தியார் சூசைராஜ் மனமுவந்து ஏற்றுக்கொண்டார்.

அறிவியல் வாத்தியார் தவசிக்கனி பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்று மூக்கை உறிஞ்சினார்.

"சார், வாடை இருக்கத்தான் செய்யுது. புது செருப்புக் கடை வாடை. மேற்கே இருந்து காத்து அடிச்சா நேரே ஏழாம் வகுப்புக்குள்ளதான் போகும்."

"அப்ப ஏழாம் வகுப்பைக் கிளப்பி வேப்பமரத்தடியில உக்கார வையுங்க" என்றார் ஞானசிகாமணி.

"காத்து திசைமாறினா?"

"பிள்ளைங்களும் மாறி உக்காரட்டும்."

ஏழாம் வகுப்பு அந்த வாரம் முழுக்க மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பாடம் படித்தது. பிள்ளைகளுக்கு ஏக சந்தோஷம்.

வாடை விவகாரம் தீர்ந்தது. பிரச்சினைக்கு எங்கே போவது? மறுநாள் சாயங்காலம் நாலு பேரும் அறையில் கூடினார்கள். தமிழ் டீச்சர் செண்பகவல்லி புடவையோடு ஜன்னல் ஏற மறுத்துவிட்டதால், வெளியே நின்றபடியே கூட்டத்தில் கலந்துகொண்டார்.

"நம்ம பள்ளிக்கூடத்துல என்ன பிரச்சினை இருக்கு? ஒளிக்காம சொல்லுங்க" என்றார் ஞானசிகாமணி.

எல்லோரும் ஆழ்ந்து யோசித்தார்கள். யோசனையிலேயே தவசிக்கனி லேசாகக் குறட்டை விட்டார்.

"ஒண்ணுமே இல்லையே சார்" என்றார் செண்பகவல்லி, வெளியிலிருந்து.

"பிரச்சினை இல்லைங்கிறதே ஒரு பிரச்சினைதானே சார்?" என்றார் சூசைராஜ்.

"அது பெரிய பிரச்சினையாச்சே. அம்மா சின்னதாத்தான் கேட்டாங்க."

அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. கடைசியில், ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை வராமல் இருந்தால் அதையே பிரச்சினையாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. செண்பகவல்லி மறுநாள் வகுப்பில் கேட்டார்.

"கண்ணுங்களா, நாளைக்கு யாரு வராம இருக்கீங்க? கை தூக்குங்க."

ஒரு கை எழவில்லை. மத்தியானம் முட்டை போடுகிற பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பிள்ளைதான் வராமல் இருக்கும்? டீச்சர் கெஞ்சினார், மிரட்டினார். மறுநாள் காய்ச்சல் கண்ட ஒரு பிள்ளைகூடக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்தால் அலுவலர் வந்துவிடுவார். ஞானசிகாமணிக்கு வீட்டுச் சோற்றுத்தட்டு கண்முன் வந்து போனது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார்.

"பிள்ளைங்களைக் கஷ்டப்படுத்த வேண்டாம். பள்ளிக்கூடத்துக்காக நானே காணாமப் போறேன்."

செண்பகவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், உங்களை மாதிரி ஒரு தலைமையாசிரியர் யாருக்குக் கிடைப்பாங்க!"

"பழைய முறையில நீங்க மூணு பேரும் என்னைத் தேடுங்க. எவ்வளவு நேரமாகுதுன்னு அளந்து வையுங்க."

"எங்கே போகப் போறீங்க சார்? சொல்லிட்டுப் போனா சட்டுனு கண்டுபிடிச்சிரலாம்" என்றார் தவசிக்கனி.

"அது மோசடிங்க. ஆராய்ச்சி சுத்தமா இருக்கணும்" என்று சூசைராஜ் அதட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஞானசிகாமணி செல்போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். செத்தாலும் அவர் கால் வைக்கமாட்டார் என்று ஊரே சத்தியம் செய்யும் இடம் ஒன்றுதான் உண்டு. நேரே மேலக்கரைப் பள்ளிக்குப் போனார்.

"அடடே, வாங்க மாப்ளே! அதிசயமா இருக்கே!" என்று சிதம்பரவேல் எழுந்து வந்தார்.

"மச்சான், நான் காணாமப் போயிருக்கேன். யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

"சொல்லுவேனா மாப்ளே! எப்பப் போனீங்க?"

"இப்பதான், காலையில."

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அது காணாமப் போனதாகுமா மச்சான்?"

சிதம்பரவேலுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. டீ வாங்கிக் கொடுத்துப் பீரோவுக்குப் பின்னால் ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுத்தார். ஞானசிகாமணி காலை நீட்டி உட்கார்ந்தார். இந்த மனிதரைப் போய் இத்தனை வருஷம் தப்பாக நினைத்துவிட்டோமே என்றுகூட அவருக்குத் தோன்றியது.

வெயில் உச்சிக்கு ஏறியபோது ஜீப் சத்தம் கேட்டது. மரகதவல்லி மூச்சு வாங்க உள்ளே வந்தார். பின்னாலேயே டிரைவர் பெட்டியைத் தூக்கி வந்து பீரோவுக்கு முன்னால் வைத்தார்.

"சிதம்பரவேல் சார், கம்ப்யூட்டரை நீங்களே வெச்சுக்கோங்க. அந்தப் பள்ளிக்கூடத்துல ஒருத்தர் கிணத்தை எட்டிப் பார்க்கிறார், ஒருத்தர் மரத்துல ஏறியிருக்கார், அந்த டீச்சரம்மா அரிசி டப்பாவைத் திறந்து 'சார், சார்'னு கூப்பிடுறாங்க. பிள்ளைங்க பூரா மரத்தைச் சுத்துது. தலைமையாசிரியரைக் காணோம்!"

பீரோ இடுக்கு வழியாக ஞானசிகாமணி எட்டிப் பார்த்தார். பெட்டி! போச்சு, எல்லாம் போச்சு என்று ஒரு நிமிஷம் தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்த நிமிஷம் அவர் முகம் மலர்ந்தது. பீரோ ஆட, குதித்து வெளியே வந்தார்.

"கண்டுபிடிச்சிருச்சு! அம்மா, கண்டுபிடிச்சிருச்சு!"

மரகதவல்லி அலறிக்கொண்டு நாற்காலியில் விழுந்தார். "யாரை சார்? என்னத்தை?"

"என்னைத்தாம்மா! மூணு படிச்ச வாத்தியாருங்க காலையில இருந்து தேடியும் கிடைக்காத ஆளை, பெட்டியைப் பிரிக்கிறதுக்கு முன்னாலேயே, நேரே வந்து கண்டுபிடிச்சிருச்சு பாருங்க உங்க மென்பொருள்! இதைப் போய் நான் லேசா நினைச்சிட்டேனே!" என்று அவர் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார்.

அலுவலர் தண்ணீர் கேட்டுக் குடித்தார். அப்புறம் ஒரு நம்பிக்கையோடு சிதம்பரவேல் பக்கம் திரும்பினார். "நீங்களாவது ஏதாவது திட்டம் யோசிச்சு வெச்சிருக்கீங்களா?"

"நான் எதுக்கும்மா யோசிக்கணும்? அவங்க சரியா செய்யலைன்னா எங்களுக்குத்தான்னு போன்ல சொன்னீங்களே. அதான், அவங்க செய்யாம இருக்கட்டும்னு சும்மா இருந்தேன்."

மரகதவல்லி நெற்றியில் அடித்துக்கொண்டார். "இவராவது காணாமப் போற அளவுக்கு முயற்சி பண்ணியிருக்கார். டிரைவர், பெட்டியைத் திரும்ப ஏத்துங்க" என்றார்.

ஜீப்பில் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஞானசிகாமணி வெற்றி வீரராக ஊர் திரும்பினார். இன்றைக்கு வீட்டில் சாம்பாரோ ரசமோ எது விழுந்தாலும் கவலையில்லை. பள்ளி வாசலில் இறங்கியதும் கத்தினார்.

"சூசைராஜ்! நான் வந்துட்டேன்யா! கம்ப்யூட்டர் நமக்குத்தான்!"

கிணற்றடியிலிருந்து நிமிர்ந்த சூசைராஜின் முகம் வாடிப்போயிற்று.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? பழைய முறையில இன்னும் அளந்து முடிக்கலையே. நீங்களா வந்து நின்னா, நாங்க கண்டுபிடிச்சதா ஆகுமா?"

"ஆகாதுதான்" என்றார் செண்பகவல்லி, கையிலிருந்த அரிசி டப்பாவை மூடாமலேயே. "ஆராய்ச்சியில பொய் சொல்லக்கூடாது சார்."

ஞானசிகாமணி யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது.

"முதல்ல எங்கே தேடினீங்க?"

"உங்க ரூம்லதான் சார். நாற்காலியிலே நீங்க இல்லை. அங்கே பார்த்தாச்சு, இனிமே பார்க்க மாட்டோம்."

"அது போதும்" என்று ஞானசிகாமணி தன் அறைக்குள் போய்த் தன் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். வெளியே மூன்று பேரும் மறுபடி அவர் பெயரைக் கூவிக்கொண்டு தேடக் கிளம்பினார்கள்.

கம்ப்யூட்டர் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க மரகதவல்லி உள்ளே வந்து பேனாவை நீட்டினார். ஞானசிகாமணி உதட்டில் விரலை வைத்து, மெல்லக் குனிந்து, பணிவாகச் சொன்னார்:

"தலைமையாசிரியர் இல்லீங்கம்மா. கிடைச்சதும் சொல்லி அனுப்புறேன்."