வேறொரு பையன்

ஏழு வயதில் கிணறு. கயிற்றைத் தொட்டதற்கு அடி.

ஒன்பது வயதில் பள்ளிக்கூடம். மற்றப் பிள்ளைகளுக்கு உட்கார வாங்கு, அவருக்கு நிலம்.

பன்னிரண்டில் தேவாலயம். கர்த்தருடைய கிண்ணம் எல்லோரையும் சுற்றிவிட்டுக் கடைசியாக அவர் இருந்த வரிசைக்கு வந்தது.

பதினாறில் தேத்தண்ணிக் கடை. மற்றவர்கள் குடிக்கப் பேணி, அவருக்குச் சோடாப் போத்தல்.

முப்பதில் பொலிஸ் அடி. இடது முழங்கால்.

எழுபத்து மூன்றில் ரொறன்ரோவிலிருந்து ஒரு கடிதம்.

சைலஸ் ஹார்வூட் தனக்கு நடந்தவற்றை இந்த வரிசையில்தான் சொல்வார். நடுவில் யாராவது குறுக்கிட்டால் மறுபடி கிணற்றிலிருந்து தொடங்குவார். யாழ்ப்பாணத்து மேடைகளில் நாற்பது வருடமாகச் சொன்ன வரிசை அது. கடைசி ஒன்று மட்டும் புதிது.

யோகராணி குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நொத்தாரிசு. காணி உறுதியும் மரணசாதனம் எனும் உயிலும் எழுதுவது தொழில். ஹார்வூட்டைவிட இருபத்தைந்து வயது இளையவர்.

“கடிதத்தில என்ன, அண்ணை?”

“பேரன் எழுதியிருக்கிறான். மகன்ர மகன். பேரை வெட்டிப்போட்டானாம். இனி வெறும் நிரோசனாம்.”

“ஏனாம்?”

“இந்த முகத்துக்கு எப்பிடி ஹார்வூட் எண்ட பேர் வந்தது எண்டு வேலையிடத்தில கேக்கினமாம். மறுமொழி தெரியாதாம்.”

“மறுமொழி என்ன?”

ஹார்வூட் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பியூரிட்டன் வம்சம். ராசாவின்ர சபைக்குக் குனியமாட்டம் எண்டு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போன கூட்டம். அந்தக் குடும்பத்து ஹார்வூட் பாதிரியார் ஒருத்தர் இங்க மிஷனுக்கு வந்து, என்ர பூட்டனைத் தன்ர பிள்ளையாய் எடுத்து வளத்தவர். அதாலதான் நான் ஒருத்தனுக்கு முன்னாலையும் சால்வையை இறக்கினதில்லை.”

மடித்த தாள் ஒன்றை மேசையில் வைத்தார்.

“மரணசாதனம் எழுத வேணும், தங்கச்சி. வீடும் வளவும் அவனுக்குத்தான். ஒரேயொரு நிபந்தனை. அதை நானே என்ர கையால எழுதிக் கொண்டந்திருக்கிறன்.”

யோகராணி தாளை வாசித்தார். மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார்.

“வம்சத்தையும் எழுதச் சொல்லியிருக்கிறியள். கேட்டதையெல்லாம் நான் எழுதேலாது. பாதிரியார் உங்கட பூட்டனைப் பிள்ளையாய் எடுத்தவர் எண்டால், அவற்ற மரணசாதனத்தில அது இருக்கும். கொண்டுவாங்கோ.”

“எங்கயெண்டு போவன்?”

“மசச்சூசெற்ஸில. அங்கையும் செத்த ஆக்களின்ர சொத்துக்குக் கோர்ட்டு இருக்கு. கோர்ட்டு ஒண்டையும் எறியாது.”

ஹார்வூட் அந்தக் கோர்ட்டுக்கு எழுதினார். துண்டுப் பிரசுரங்களில் படித்த ஆங்கிலம் அவருடையது. ஒவ்வொரு கடிதமும் கண்டனத் தீர்மானம் போலவே இருந்தது. ஆனாலும் அங்கிருந்து மறுமொழி வந்தது. பிறகு பிரதிகள் வந்தன. முந்நூறு வருடத்துக் கையெழுத்து. அவருக்கு ஓரெழுத்தும் பிடிபடவில்லை.

பழைய உறுதிகள் வாசித்துப் பழகிய யோகராணி சனிக்கிழமைகளில் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்.

அவரைக் குரு என்று ஹார்வூட் ஒருநாளும் சொன்னதில்லை. தங்கச்சி என்பார். ஆனால் அந்த வாசலில் மட்டும் சுருட்டை அணைத்துவிட்டு உள்ளே வருவார்.

முதல் மரணசாதனம் ஜோசையா ஹார்வூட் என்பவருடையது. கடல் கடந்து போனவர் அவர்தான். நிலம், வேட்டைத் துவக்கு, வேதப் புத்தகம், இரண்டு சோடி எருது எல்லாம் மகன்களுக்கு.

“மனிசிக்கு?” என்றார் யோகராணி.

ஹார்வூட் விரலை வைத்து வரிவரியாகத் தேடி வாசித்தார்.

“‘என் மனைவிக்கு, அவள் என் விதவையாய் இருக்கும் காலம் மட்டும், கிழக்கு அறை. அடுப்புக்கும் கிணற்றுக்கும் போய்வரும் உரிமை.’”

நிறுத்தினார்.

“கிணத்துக்கோ?”

“ஓம்.”

“அவளின்ர வீட்டுக் கிணத்துக்கோ?”

“மகனின்ர கிணறு, அண்ணை. புருசன் செத்த நிமிசத்திலயிருந்து.”

“அவளின்ர பேர் என்னவாம்?”

“தேடுங்கோ.”

தேடினார். மனைவி என்று ஒன்பது இடத்தில் இருந்தது. பெயர் இல்லை.



இரண்டாவது பொட்டலத்தில் ஜோசையாவின் பேரன் இறந்தபோது விட்டுப்போன சாமான்களின் பட்டியல் இருந்தது. அயலவர் மூவர் வீட்டுக்குள் போய் அறை அறையாக எழுதியது.

ஹார்வூட் இப்போது ஓரளவு விரைவாக வாசித்தார்.

“‘ஓர் இறகு மெத்தை. ஒரு பித்தளைச் சட்டி. ஓர் இந்தியப் பையன், சீசர் எனப் பெயரிடப்பட்டவன். இரண்டு பன்றி.’”

தலையை நிமிர்த்தினார்.

“இந்தியன் எண்டால் எங்கட ஆளோ?”

“இல்லை. அமெரிக்க மண்ணின்ர பழங்குடி ஆள். சண்டையில பிடிச்சிருப்பினம்.”

“பித்தளைச் சட்டிக்குப் பக்கத்திலயோ எழுதுறது?”

“சட்டிக்குப் பிறகு. பண்டிக்கு முதல்.”

ஹார்வூட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி துப்புரவாகத்தான் இருந்தது.

“அந்தக் காலம் அப்பிடி,” என்றார்.

“கிணத்துக்காரரும் உங்களுக்கு அதைத்தானே சொன்னவை?”

ஹார்வூட் எழுந்து போனார். இரண்டு மாதம் அந்தப் பக்கம் வரவில்லை.

மூன்றாவது பொட்டலம் வந்த அன்று, உறையைக்கூடக் கிழிக்காமல் கொண்டுவந்தார்.

“நீங்களே திறவுங்கோ.”

மெகிற்றபெல் ஹார்வூட் என்ற விதவையின் மரணசாதனம். ஆயிரத்து எண்ணூற்று இருபத்தொன்பதாம் ஆண்டு. பாத்திரங்கள் தங்கைக்கு. ஆடுகள் தங்கையின் பிள்ளைகளுக்கு. கடைசிப் பந்தியை யோகராணி அவர் பக்கம் திருப்பிவைத்தார்.

“‘என் ஒரே மகன் சைலஸ், ஒன்பது வயதில் கர்த்தரால் எடுத்துக்கொள்ளப்பட்டான். இலங்கையிலுள்ள மிஷனில் ஓர் அஞ்ஞானிப் பையனுக்கு எட்டு வருடம் ஊணும் உடுப்பும் படிப்பும் கொடுக்க, வடக்கு வயல் விற்ற பணத்தை விடுகிறேன். அவன் என் மகனின் பெயரைத் தாங்கினால் மட்டும்.’”

ஹார்வூட் மறுபடி வாசித்தார். இம்முறை சத்தமில்லாமல்.

“பாதிரியார் எங்க?”

“பாதிரியார் இல்லை, அண்ணை.”

“என்ன கதை கதைக்கிறியள்?”

“ஹார்வூட் எண்டு ஒருத்தரும் இஞ்ச கப்பலேறி வரேல்லை. பேர் மட்டும்தான் வந்தது.”

தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார்.

“சரி,” என்றார் ஹார்வூட். “அப்ப அந்தப் பையன்தான் என்ர பூட்டன். பிள்ளையில்லாத ஒருத்தி பிள்ளையாய் எடுத்திருக்கிறாள். அதுவும் சுவீகாரம்தானே?”

“பின்னால ஒரு கடிதம் இருக்கு. நிபந்தனைப்படி பேர் வைச்சிருக்கு எண்டு கோர்ட்டுக்குக் காட்ட வேணும். அதுக்கு மிஷனிலயிருந்து எழுதினது.”

“வாசியுங்கோ.”

“நீங்கள்தான் வாசிக்க வேணும்.”

வாசித்தார். முன்பு வீரகத்தி என்று அழைக்கப்பட்ட பையனுக்கு அந்தப் பெயர் சூட்டப்பட்டது. சாந்தமான பையன். நான்காம் மாதம் வாந்திபேதி கண்டு இறந்தான். புதிய பெயரிலேயே தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டான்.

ஹார்வூட்டின் முகம் மாறியது.

“பழைய தேவாலய வளவில சைலஸ் ஹார்வூட் எண்டு ஒரு கல்லு நிக்குது.”

“தெரியும்.”

“அது என்ர பூட்டன்ர கல்லு. ஈஸ்டருக்கு ஈஸ்டர் நாங்கள்தான் வெள்ளையடிக்கிறம்.”

“ஆண்டு இருக்கோ?”

“பேர் மட்டும்.”

“எவ்வளவு நீளம், அண்ணை?”

ஹார்வூட் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். மேசையின் பாதிக்குக்கூட வரவில்லை.

“சின்னக் கல்லுத்தான்,” என்றார். “பியூரிட்டன்கள் ஆடம்பரம் பாக்கிறேல்லை, அதாலதான் சின்னன் எண்டு அப்பு சொல்லுவார். நானும் எத்தனை மேடையில…”

கைகள் விரித்தபடியே நின்றன. ஒரு குழந்தையை ஏந்துவதற்கு அந்த அளவு போதும்.

“மிச்சத்தையும் வாசியுங்கோ,” என்றார் யோகராணி.

“‘தாயின் விருப்பம் வீணாகாதபடி, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அந்தப் பெயரை வேறொரு பையனுக்குச் சூட்டினோம். சமையற்கட்டில் தண்ணீர் சுமந்தவன். திடகாத்திரமானவன்.’”

கடிதத்தின் ஓரத்தில் நீதிபதியின் கையெழுத்து இருந்தது. அதற்கு மேல் ஒரே வரி: நிபந்தனை நிறைவேறியது.

“அவன்ர பேர்?” என்றார் ஹார்வூட்.

“யாற்ற?”

“என்ர பூட்டன்ர. அதுக்கு முதல் அவனுக்கு ஒரு பேர் இருந்திருக்கும்தானே? தாய் ஒருத்தி கூப்பிட்டிருப்பாள்தானே? அது என்ன பேர்?”

யோகராணி அந்த வரியின் மேல் விரலை வைத்தார். வேறொரு பையன்.

“இவ்வளவுதான் எழுதியிருக்கு.”

ஹார்வூட் எழுந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டார்.

“நாலு மாசம் ஒருத்தன். அவன்ர மண் காயமுதல் இன்னொருத்தன். ஆள் மாறினாலும் பரவாயில்லை, பேர் நிக்க வேணும். இவள் என்ன மனிசி? செத்ததின்ர பேரை உயிரோட இருக்கிற பிள்ளையின்ர தலையில கட்ட இவளுக்கு ஆர் உரிமை குடுத்தது? காசு வைச்சிருந்தால் எதையும் கேக்கலாமோ? தங்கச்சி, இதை நான் விடமாட்டன். பிரசுரம் அடிப்பன். அமெரிக்காவுக்கே அனுப்புவன்.”

யோகராணி லாச்சியைத் திறந்தார். மடித்த தாளை எடுத்து, விதவையின் மரணசாதனத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இதையும் ஒருக்கால் வாசியுங்கோ. சத்தமாய்.”

“இதென்ன?”

“உங்கட எழுத்து.”

ஹார்வூட் கண்ணாடியைச் சரிசெய்தார்.

“‘எனது வீடும் வளவும் எனது பேரனுக்குச் சேரும். அவன் எனது பெயரைத் தாங்கினால்…’”

அடுத்த சொல் ‘மட்டும்’. அதை அவர் வாசிக்கவில்லை.

நின்றபடியே இரண்டு தாள்களையும் பார்த்தார். ஒன்று மசச்சூசெற்ஸ், மற்றது யாழ்ப்பாணத்து மானிப்பாய். பிறகு இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனார். குடையையும் மறந்துவிட்டார். வெளியே நல்ல வெயில்.

ஐந்தாம் நாள் காலையில் இரண்டு சாட்சிகளோடு வந்தார். ஒருவர் பேக்கரி இமானுவேல். மற்றவர் சைக்கிள் கடை குகதாசன்.

“என்ன ஹார்வூட்டர்,” என்றார் குகதாசன், “வெள்ளைக்காரன்ர சொத்தில எங்களுக்கும் ஏதும் பங்கிருக்கோ?”

“இருக்கு. ஒரு பித்தளைச் சட்டி. இருந்து கேள்.”

யோகராணி பேனாவை எடுத்தார்.

“உங்கட பேரை எப்பிடி எழுத, அண்ணை?”

“சைலஸ் ஹார்வூட் எண்டுதான். அந்தப் பேரிலதான் அடி வாங்கினனான். இப்ப அது என்ர.”

“நிபந்தனை?”

ஹார்வூட் சன்னலைப் பார்த்தார். தலையை ஆட்டினார், இல்லை என்று.

அவர் சொல்லச் சொல்ல யோகராணி எழுதினார். பிறகு சட்டப்படி சாட்சிகள் முன்னிலையில் முழுவதையும் வாசித்தார். வீடும் வளவும் பேரன் நிரோசனுக்கு, அவர் எந்தப் பெயரில் வாழ்ந்தாலும். புத்தகங்கள் வாசிகசாலைக்கு. இரண்டாம் தாள் ஒரே பந்தி. பழைய தேவாலய வளவில் பெயர் மட்டும் வெட்டப்பட்ட சிறு கல்லை எடுத்துவிட்டு, அதே இடத்தில், அதே அளவில், வேறொரு கல் நாட்ட வேண்டும். அதில் வெட்ட வேண்டிய பெயர் கீழே.

பெயரை வாசித்தார்.

இமானுவேல் குனிந்து ஹார்வூட்டிடம் கேட்டார்.

“ஆர் அது? உங்கட சொந்தமோ?”

“இல்லை.”

“பிறகேன்? உங்கட பூட்டன்ர பேரை வெட்டுவிக்கலாமே?”

“அதை ஒருத்தரும் எழுதிவைக்கேல்லை.”

“அதுக்காக, ஆரெண்டு தெரியாத ஒரு பிள்ளைக்கோ? அதைத் தேடி ஆர் வரப்போகினம்?”

நாற்பது வருடம் மேடையில் பேசிய ஹார்வூட் நொத்தாரிசைப் பார்த்தார்.

யோகராணி தாளைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“சாட்சிகள் இரண்டு பேரும் கேட்டிருக்க வேணும்,” என்றார். “இன்னொருக்கால் வாசிக்கிறன்.”

வாசித்தார்.

“வீரகத்தி.”