செய்தி வாசிப்பவர் அழக் கற்றுக்கொள்ளப் போன கதை

இதில் ஒரு எழுத்து பொய் என்றாலும் என் மீதிப் பற்களும் இன்றைக்கே கொட்டிப் போகட்டும். சத்தியம்! குலதெய்வத்தின் மேல் சத்தியம், போன வாரம் மாற்றிய மூக்குக் கண்ணாடியின் மேல் சத்தியம். நம்புகிறவர்கள் உட்காருங்கள். நம்பாதவர்களும் உட்காருங்கள், நின்றுகொண்டு கேட்டால் கால் வலிக்கும்.

சென்னையில் ஒரு தொலைக்காட்சியில் குலசேகரன் என்று ஒரு செய்தி வாசிப்பாளர். வயது ஐம்பத்தொன்று. மாலை ஏழு மணிச் செய்தி அவருடையது. முகம் என்றால் அப்படியொரு முகம். ஆட்சி கவிழ்ந்தாலும் அதே முகம், தங்கம் விலை ஏறினாலும் அதே முகம். ஒரு நாள் வாசித்துக்கொண்டிருக்கும்போது தோளில் பல்லி விழுந்தது. அவர் அசையவில்லை. பல்லியும் அசையவில்லை. வானிலை வரைக்கும் கேட்டுவிட்டு, அவர் வணக்கம் சொன்ன பிறகுதான் இறங்கிப் போனது.

அந்த முகத்தைச் செய்து கொடுத்தவர் ஜெசிந்தா டீச்சர். குலசேகரனைவிடப் பதின்மூன்று வயது சின்னவர். செய்தி வாசிக்க ஆள் தயார் செய்வதுதான் அவர் வேலை. நாக்குக்கு அடியில் பச்சைமிளகாயை வைத்துக்கொண்டு பட்ஜெட் செய்தி முழுவதையும் வாசிக்க வேண்டும். கண்ணில் நீர் வந்தால் முதல் வரியிலிருந்து மறுபடியும். குலசேகரன் ஒரே நாளில் ஏழு மிளகாயை முடித்தார். எட்டாவது மிளகாய் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே அழுதுவிட்டது.

அப்படிப்பட்டவர் ஒரு வெள்ளிக்கிழமை காலை டீச்சரின் வகுப்பறைக்குள் நுழைந்து, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர், எனக்கு அழக் கத்துக்கொடுக்கணும்."

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தார். "யார்கிட்ட சார் பந்தயம் கட்டினீங்க?"

"பந்தயம் இல்லை. ஞாயித்துக்கிழமை பொங்கல் நிகழ்ச்சிக்கு ஷூட்டிங். செய்தி வாசிக்கிறவங்க அஞ்சு பேர் கலந்துக்கிறோம். பாட்டு, கோலம், கயிறு இழுக்கிறது எல்லாம் இருக்கு. அதுல நான் அழணும்."

"கயிறு இழுக்கும்போதா?"

"கேலி பண்ணாதீங்க. நான் முடிவு பண்ணிட்டேன்."

சட்டைப் பையிலிருந்து நிகழ்ச்சி நிரலை எடுத்து நீட்டினார். ஜெசிந்தா வாய்விட்டு வாசித்தார்.

"இருபத்திரண்டாவது நிமிடம், குலசேகரன் தம்பியைப் பற்றிப் பேசுகிறார். இருபத்து நான்கு, கண்ணீர். இருபத்தைந்து, தம்பி மனைவி மேடைக்கு வருகிறார். விளம்பர இடைவேளை."

நான்கு வருடத்துக்கு முன்னால் தெற்கே ஒரு காட்டாறு பேருந்தைச் சாய்த்துக்கொண்டு போனது. இறந்தவர்கள் பதினெட்டுப் பேர். செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே பெயர்ப் பட்டியல் குலசேகரன் கைக்கு வந்தது. அதில் பராங்குசம் என்றொரு பெயர். அவருடைய ஒரே தம்பி. குலசேகரன் அந்தப் பெயரை வாசித்தார். மீதிப் பெயர்களையும் வாசித்தார். பிறகு, "அடுத்து வானிலை" என்றார்.

பராங்குசத்தின் மனைவி வகுளா எண்ணூரில் தன் வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான், இன்றுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. 'அது மனுஷன் இல்லை, கல்லு' என்று அவள் சொன்னதை யாரோ மெனக்கெட்டு வந்து அவரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"வகுளா பார்க்கணும் டீச்சர். என் கண்ணுலயும் தண்ணி வரும்னு அவ பார்க்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"மேடைக்கு வரணும்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. கோலப் போட்டிக்கு நடுவரா வாங்கன்னு வண்டி அனுப்பப்போறாங்க. சர்ப்ரைஸாம்."

"ம்."

"நீங்களே சொல்லுங்க. செய்தியில அழக் கூடாது, சரி. பொழுதுபோக்கு நிகழ்ச்சியிலயுமா கூடாது? அங்கே நான் வெறும் குலசேகரன்தானே? வேலைக்குச் சேரும்போது கண்ணையும் சேர்த்தா எழுதிக் கொடுத்தேன்?"

"கூடாதுன்னு நான் சொன்னேனா சார்?"

"போன பொங்கலுக்கு மதிவதனி அழுதாங்களே, செத்துப்போன பூனையை நினைச்சு. ஊரே கூடச் சேர்ந்து அழுதுச்சே!"

"அழுதுச்சு. மறுநாள் அவங்க பால் விலை உயர்வுன்னு வாசிச்சாங்க. எங்க மாடிவீட்டு அம்மா, 'பாவம், அந்தப் பூனைக்குப் பால்னா உசிரு'ன்னு சொல்லிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க."

குலசேகரனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முகத்தில் அதுவும் வெளியே வராது.

"அப்ப நான் அழலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க டீச்சர்."

ஜெசிந்தா தன் செல்போனை எடுத்துத் தண்ணீர் கேன்மேல் சாய்த்து வைத்தார். "இதுதான் கேமரா. ஆரம்பிங்க."

குலசேகரன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி பேர் ஏழாவது. நாலாவது பேரைப் படிக்கும்போதே கண்ணு கீழே போய்ப் பார்த்துடுச்சு. எழுந்திரிச்சு ஓடிடலாம்னு இருந்தது. ஆனா அவனுக்குக் கீழே இன்னும் பதினோரு பேர் இருந்தாங்க டீச்சர். அந்தப் பக்கம் வெள்ளத்துல போன் எல்லாம் செத்துக் கிடக்கு. பதினோரு வீட்டுல என் வாயையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. என் தம்பி பேரோட நான் நின்னுட்டா, அவங்களுக்கு யார் சொல்லுவா? நான்..."

அதற்கு மேல் முடியவில்லை. ஏழு மிளகாய்க்கு அசையாத முகம் கோணிக்கொண்டு போனது. அறையிலிருந்த காலி கேன் எல்லாம் நிரம்பியது என்று சொல்ல எனக்கு ஆசைதான். சத்தியம் செய்துவிட்டேனே. கைக்குட்டை மட்டும்தான் நனைந்தது.

ஜெசிந்தா அவர் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"நல்லா இருந்தது சார். ஆனா முகம் நிழல்ல போயிடுச்சு. இன்னொரு தடவை."

"என்ன டீச்சர் இது?"

"ஷூட்டிங்ல கேட்பாங்க. நாலு கேமரா இருக்கும், ஏதாவது ஒண்ணு கோட்டை விட்டுடும்."

குலசேகரன் பல்லைக் கடித்துக்கொண்டார். எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை. மறுபடியும் சொன்னார். மறுபடியும் கண் கலங்கியது.

"நடுவுல லாரி ஹாரன். இன்னொரு தடவை."

சொன்னார்.

"கைக்குட்டை முகத்தை மறைச்சுடுச்சு. கையிலேயே துடைச்சுக்குங்க."

நாலாவது தடவை டீச்சர் சொல்வதற்கு முன்பே நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "டீச்சர், 'தம்பி'ங்கிற வார்த்தைக்கு முன்னாடி ஒரு மூச்சு விட்டு நிறுத்துறேன். கேட்கிறவங்க மனசுல நிக்கும்."

"நிறுத்துங்க."

ஐந்தாவது தடவை வாட்சைக் கழற்றி எதிரில் வைத்துக்கொண்டு பேசினார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். குரல் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது. இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு, கேமராப் பக்கமாகவே இறங்கி வந்தது.

வாட்சைப் பார்த்தார். "ஒண்ணு ஐம்பத்தெட்டு! ரெண்டு நிமிஷத்துக்குள்ள அடக்கிட்டேன் டீச்சர். பாஸா?"

"பாஸ். அழக் கத்துக்கிட்டீங்க. ஒரே ஒரு சந்தேகம்தான்."

"கேளுங்க."

"அந்தப் பதினோரு பேர் எங்கே சார்?"

"அது நீளமா இருந்தது டீச்சர். அதனால அந்த இடத்தை மட்டும்..."

வாய் திறந்தபடி நின்றது. பதினெட்டுப் பெயரில் ஒரு பெயரைக்கூட விடாமல் வாசித்த வாய்.

அந்த நேரம் பார்த்து குலசேகரனின் போன் அடித்தது. பொங்கல் நிகழ்ச்சியின் டைரக்டர்.

"சார், ஞாயித்துக்கிழமை வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம் சார். அழும்போது எடுபடாது."

குலசேகரன் செய்தி வாசிக்கிற குரலில் பேசினார். "ஞாயித்துக்கிழமை வரேன். கயிறு இழுக்கிறேன். பாடச் சொன்னாப் பாடவும் பாடுறேன், கேட்கிறவங்க தலையெழுத்து. ஆனா இருபத்திரண்டாவது நிமிஷத்துல நான் தம்பியைப் பத்திப் பேசப்போறதில்லை. எண்ணூருக்கு வண்டியும் போகக் கூடாது."

"ஐயோ சார், விளம்பரமெல்லாம் அந்த இடத்தை வச்சுத்தான்... மேல கேட்டா நான் என்ன சொல்றது?"

"குலசேகரன் முடியாதுன்னுட்டான்னு சொல்லுங்க. வணக்கம்."

போனை வைத்ததும்தான் தோள் தொங்கியது.

"வீறாப்பா சொல்லிட்டேன். ஆனா வகுளா என்னைக் கல்லுன்னுதானே இன்னமும் நினைச்சுக்கிட்டிருப்பா? மேடை வேண்டாம், கேமரா வேண்டாம்னா, என் மனசை அவளுக்கு எப்படித்தான் டீச்சர் காட்டுறது?"

ஜெசிந்தா கேன்மேல் இருந்த போனை எடுத்தார். எடுத்த ஐந்து பதிவுகளையும் ஒவ்வொன்றாக அழித்தார்.

"அந்த வீட்டுக்கு வாசல் இருக்கா சார்?"

குலசேகரன் எதிரில் கிடந்த வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். யாராவது உங்களைக் கேட்டால், பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்தது என்று சொல்லிவிடுங்கள். என் பெயர் மட்டும் வாயில் வரக் கூடாது, ஆமாம். அந்த டைரக்டர் எங்கள் எதிர்வீட்டில்தான் குடியிருக்கிறார்.