நீர் வந்த பாத்திரம்

மீசை முளைக்காத ஒரு ராஜா செங்கானூரை ஆண்டு வந்தார். பெயர் ரணசிங்க பூபதி. அப்படியொரு பெயரை வைத்துக்கொண்டு மொழுமொழு முகத்தோடு சிங்காசனத்தில் உட்கார முடியுமா? தினமும் காலையில் வேலம்பிசின் தடவி ஒரு முறுக்கு மீசையை ஒட்டிக்கொண்டுதான் சபைக்கு வருவார்.

வெயில் ஏறினால் பிசின் இளகும். பிசின் இளகினால் மீசை நழுவும். அந்த நேரத்தில் சபையே தலையைத் தூக்கி மேல் விதானத்தைப் பார்க்கும். யாராவது ஒருவர் இருமுவார். ராஜா மூக்கைச் சொறிவதுபோல மீசையை அழுத்திக்கொள்வார். உடனே எல்லாத் தலையும் கீழே இறங்கும். விதானத்தில் வரைந்திருந்த யானைகளுக்கு எத்தனை தந்தம் என்று அந்தச் சபையில் எல்லாருக்கும் மனப்பாடம்.

சபையின் விகடகவி கூத்தபிரான். ஐம்பதைத் தாண்டியவர். வாயைத் திறந்தால் வாயிற்காவலன்கூட ஈட்டியைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வான். அதே மனிதர் வீட்டுக்குள் நுழைந்தால் விளக்கெண்ணெய் குடித்தவர் மாதிரி ஆகிவிடுவார். பேச்சும் கிடையாது, சிரிப்பும் கிடையாது. முற்றத்தில் உட்கார்ந்து கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பிரதானி அச்சுதப்பர் ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது இதைப் பார்த்துவிட்டார். அவருடைய மச்சானுக்கு விகடகவி வேலையின்மேல் நெடுநாளாக ஒரு கண். நேரே அரண்மனைக்குப் போய்ப் போட்டுக் கொடுத்தார்.

"மகாராஜா, நம்ம கூத்தபிரான் வெறும் வேஷக்காரர். வீட்டில் சிரிப்பதே இல்லையாம். இங்கே காட்டுவதெல்லாம் நடிப்பு."

ராஜாவுக்குக் கோபம் வந்தது. வேஷம் போடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"ஓய் கூத்தபிரானே, என்னையே ஏமாற்றினீரா? நாளைக்குச் சபைக்கு நீர் நீராகவே வாரும். வேஷம் துளி தெரிந்தாலும் பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும்."

கூத்தபிரான் வீட்டுக்கு வந்தார். ஊரைவிட்டுப் போவது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை, நாளைக்கு யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்பது. சபையில் சிரிக்க வைப்பவன் வேஷம் என்றால், முற்றத்தில் உம்மென்று இருப்பவன் மட்டும் அசலா? அவனையும் எங்கோ பார்த்துப் பழகிக்கொண்டதுபோலத்தான் இருந்தது. பித்தளை உருளியில் இருந்த தண்ணீரில் குனிந்து முகத்தைப் பார்த்தார்.

"எந்த மூஞ்சியத் தேடறீங்க?" என்றாள் மனைவி உலகம்மை.

விஷயத்தைச் சொன்னார். "நான் யாரு உலகம்மை? நீயாவது சொல்லு."

"அங்க சிரிக்கிறவரை நான் பார்த்ததில்ல. இங்க இருக்கிறவரு பேசினதில்ல. எனக்கு எப்படித் தெரியும்? சாப்பிட வாங்க, குழம்பு ஆறுது."

கூத்தபிரான் எழுந்திருக்கவில்லை. "நீர் நீராகவே வாரும்" என்று ராஜா சொன்னதை முணுமுணுத்தார். இன்னொரு தரம் மெதுவாகச் சொன்னார். உருளியில் அலை அடங்கியது.

"நாளைக்கு இந்த உருளி எனக்கு வேணும்."

"எங்கம்மா சீராக் கொடுத்தது. பத்திரம்."

மறுநாள் உச்சிவேளை. தளும்பத் தளும்பத் தண்ணீரோடு உருளியைத் தூக்கிவந்து ராஜாவின் காலடியில் வைத்துவிட்டு, கைகட்டி நின்றார் கூத்தபிரான்.

"என்ன ஓய் இது?"

"நீர் நீராகவே வர வேண்டும் என்று உத்தரவு, மகாராஜா. நீர் வந்திருக்கிறது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அச்சுதப்பர் குதித்து எழுந்தார். "பார்த்தீர்களா, இதுவும் வித்தைதான். நீர் வரட்டும். நடுவில் பாத்திரம் எதற்கு?"

"பாத்திரம் இல்லாமல் நீர் எப்படிச் சபைக்கு வரும், பிரதானி அவர்களே? வழியிலேயே மண்ணுக்குள் போயிருக்கும். சபையில் எனக்கு ஒரு பாத்திரம், வீட்டில் ஒரு பாத்திரம். எதிலும் இல்லாத நீரை நேற்றெல்லாம் தேடினேன். அகப்படவில்லை."

ராஜா நெற்றியைத் தடவினார். "அப்படியானால் நிஜமான முகம் என்று ஒன்று இல்லவே இல்லையா?"

"குனிந்து பாருங்கள், மகாராஜா."

ராஜா குனிந்தார். நல்ல வெயில். தண்ணீரில் ரணசிங்க பூபதி தெரிந்தார். மீசையின் இடது பாதி உதட்டிலும் வலது பாதி தாடையிலுமாகத் தொங்கியது.

சபை முழுவதும் விதானத்தைப் பார்த்தது. யாருக்கும் இருமல்கூட வரவில்லை.

"ஓய்," ராஜா குனிந்தபடியே கேட்டார். "இது எத்தனை நாளாக உமக்குத் தெரியும்?"

"எது, மகாராஜா?"

ராஜா நிமிர்ந்தார். கூத்தபிரானும் அண்ணாந்து யானைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குனிந்து பார்க்கச் சொன்னவர் இப்போது மேலே பார்க்கிறீரே. நீர் யார் ஐயா?"

"கீழே பார்க்கச் சொன்னது நீர், மகாராஜா. மேலே பார்ப்பது பாத்திரம்."

ராஜா ஒரு நொடி விழித்தார். பிறகு சிரித்தார். சிங்காசனம் ஆடும்படி சிரித்தார். சிரித்த சிரிப்பில் மீசை கழன்று உருளிக்குள் விழுந்து மிதந்தது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார். அச்சுதப்பர் மட்டும் தலையை இறக்கவே இல்லை. இறக்கலாம் என்று அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை.

கூத்தபிரான் வீட்டுக்கு வந்து முற்றத்தில் உட்கார்ந்தார். நினைத்து நினைத்துச் சிரித்தார். உலகம்மை அடுப்படியிலிருந்து பதறி ஓடிவந்தாள்.

"என்னங்க, வீட்ல சிரிக்கிறீங்க? வேலை போயிடுச்சா?"

"இல்ல உலகம்மை. பாத்திரத்தச் சபையிலேயே விட்டுட்டு வந்துட்டேன்."

"நாசமாப் போச்சு. அது எங்கம்மா வீட்டு உருளி. போய் எடுத்துட்டு வாங்க."