தடியெழுத்து முனை தேய்த்துக்கொண்டது

சிரிக்கத்தான் இந்தக் கதை. ஆனால் சிரிப்பு கடைசியில்தான் வரும். அதுவரை தடியெழுத்தோடு சேர்ந்து நீங்களும் கொஞ்சம் களைத்துத்தான் ஆகவேண்டும்.

அந்தக் காலத்தில் எழுத்துகளுக்கு வாயும் இருந்தது, காலும் இருந்தது. விடிந்ததும் சந்தை முக்கில் கூலிக்கு நிற்பார்கள். யாருக்கு என்ன சொல் வேண்டுமோ, கூப்பிட்டால் போய்ச் சுவரில் அந்தச் சொல்லாக நிற்பார்கள். தடியெழுத்துக்குத் தலையில் குஞ்சமில்லை, காலில் கொலுசில்லை. பருத்த உடம்பு, அரிவாள் மாதிரி முனைகள், அவ்வளவுதான். அதனால் வந்த வேலையெல்லாம் ஒரே ரகம். ஆழம், இறங்காதே. நாய் ஜாக்கிரதை. இங்கே சிறுநீர் கழிக்காதீர். பகல் முழுக்கக் கத்தவேண்டும். அந்தக் கடைசிச் சுவரில் கத்தியும் பலனில்லை, நனைந்ததுதான் மிச்சம். ஒரே ஒரு மத்தியானம் தூங்கினால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

பக்கத்தில் நிற்பவன் சாய்வெழுத்து. ஒல்லிக்குச்சி. யார் குரலிலும் அப்படியே பேசுவான். மிட்டாய்க் கடை, பொம்மைக் கடை வேலையெல்லாம் அவன் தலையில்தான் விழும். தூரத்திலிருந்து பிள்ளைகளுக்கு அவனைப் படிக்க வராது. நாளெல்லாம் கடைக்காரர்களிடம் திட்டு வாங்கி அவனும் சலித்துப்போயிருந்தான்.

ஒருநாள் தடியன் அசதிக்கு மருந்து கேட்டு அய்யாப்பிள்ளை வைத்தியர் வீட்டுக்குப் போனான். வைத்தியர் ஊரில் இல்லை என்பது அவனுக்குத் தெரியாது. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அவருடைய இருமல் கேட்டது, பிறகு அவருடைய குரல்.

"அசதி உடம்புல இல்லப்பா, முனையில இருக்கு. மழுங்கத் தேய்ச்சிடு. அப்புறம் ஒருத்தனும் வேலைக்குக் கூப்பிடமாட்டான்."

ஆற்றுப் பாறையில் மூன்று நாள் தேய்த்தான். வலித்தது. ஒரு முனை பாக்கியில்லாமல் உருண்டுபோயிற்று.

சொன்னபடியேதான் நடந்தது. 'நாய் ஜாக்கிரதை' என்று அவன் நின்ற வாசலில் பிள்ளைகள் வரிசையில் வந்து நாயைத் தடவிக்கொடுத்தார்கள். நாய்க்காரர் அன்றே அவனை அனுப்பிவிட்டார். தடியன் புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தான். கண் செருகும் நேரம், ஐஸ் வண்டிக்காரர் பால்சாமி தலைமாட்டில் வந்து நின்றார்.

"தெருக்கோடியிலேர்ந்தே தெரியற. கிட்ட வந்தா பயமும் இல்ல. எந்திரிப்பா."

துண்டை மடிக்கக்கூட விடவில்லை. ஐஸ் வண்டிக்குப் பிறகு மிட்டாய் டப்பா, பலூன், பாப்பா சட்டை, பள்ளிக்கூட வேன். குரல் என்னவோ அதே பெரிய குரல்தான். முன்பு ஒதுங்கிப் போனவர்கள் இப்போது ஜவ்வுமிட்டாய்க் கையோடு வந்து ஒட்டிக்கொண்டார்கள்.

ஒரு மத்தியானம் வேனோடு புளியமரத்தைக் கடந்தபோது பார்த்தான். அவன் துண்டில், அவன் இடத்தில், சாய்வெழுத்து தூங்கிக்கொண்டிருந்தான். தூக்கத்திலேயே இருமினான். அச்சு அசல் அய்யாப்பிள்ளை வைத்தியரின் இருமல்.

அப்போதுதான் தடியனுக்கு உறைத்தது. இருந்த கோபத்தையெல்லாம் திரட்டி, வேனின் பக்கம் முழுக்க 'அடப்பாவி' என்று நின்றான். அதைப் படித்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலில் சொன்ன சிரிப்பு அதுதான்.

அன்றிலிருந்துதான், முனை உருண்ட தடியெழுத்து எவ்வளவு கத்தினாலும் யாருக்கும் கோபமாகப் படுவதில்லை. மிட்டாய் டப்பாவில் நிற்கிறான் பாருங்கள், இன்னும் தூங்கவில்லை.