ஏறிக்கொண்டே போன கோடு

குற்றாலிங்கம் தன் ஆய்வு வழிகாட்டியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, முனைவர் பட்டம் வாங்கியே தீருவது என்று திருநெல்வேலிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் வந்து சேர்ந்த மனிதர். கைடு செண்பகவல்லிக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. அவர் இவரை ‘சார்’ என்பார். இவர் அவரை ‘மேடம்’ என்பார். அதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

குற்றாலிங்கம் ஆராய்ந்தது ஓர் இணையக் குழுவை. அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் கூடி, கேள்வி பதில் போட்டு, ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ளும் இடம் அது. மூன்று வருடமாக அதில் உறுப்பினர். வாயைத் திறந்ததே இல்லை. ஆய்வாளன் வேடிக்கைதான் பார்க்க வேண்டும், உள்ளே போய்க் குட்டையைக் குழப்பக் கூடாது என்பது அவருடைய கொள்கை.

மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே ஒரு நீட்டிப்பு வாங்கியாயிற்று, இனி கிடைக்காது. மேடம் கையெழுத்துப் போட்டால் பட்டம். போடாவிட்டால் அத்தனை உழைப்பும் குப்பைக்கு. அந்தக் கையெழுத்துக்காகத்தான் அன்று மேடத்தின் அறைக்கு வந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வந்தார்.

மேசைமேல் வரைபடத்தை விரித்தார். ஒரு சிவப்புக் கோடு கீழே இறங்குகிற எண்ணமே இல்லாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

“குழு எப்படி வளருது பாருங்க மேடம். ஒவ்வொரு தேர்வு முடிவு வந்ததும் புது ஆட்கள் கூட்டம் கூட்டமா வந்து சேருதாங்க. தோத்தாலும் நம்ம பிள்ளைங்க மனசு விடல. என் ஆய்வோட சாரமே இதான்.”

“யாரு சேர்ந்தா, யாரு போனான்னு அந்தச் செயலி காட்டாதே சார். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

குற்றாலிங்கம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அங்கதான் மேடம் நம்ம மூளை. ஆய்வு விதிப்படி பேரையெல்லாம் எடுத்துட்டு, வெறும் செய்தியை மட்டும் கம்ப்யூட்டர்ல போட்டேன். வரேன், வாரேன், வர்றேன்னு யாரு எழுதினாலும் அது புது வரவு. போறேன்னு எழுதினா வெளியேற்றம். போறேன்னு எழுதினவங்களை விரல் விட்டு எண்ணிரலாம். வந்தவங்களை எண்ணி மாளல.”

செண்பகவல்லி சிவப்புக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

“ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது. அதைத்தான் உங்ககிட்ட கேக்கணும். இத்தனை பேரு வந்த பிறகு குழுவுல பேச்சு கூடணும்லா? குறையுது. அது ஏன் மேடம்?”

“நீங்க என்ன நினைக்கீங்க?”

“புதுசா வந்தவங்களுக்குக் கூச்சம். ‘புதுமுகக் கூச்சக் கோட்பாடு’ன்னு பேரு வச்சு ஒரு அத்தியாயமே எழுதிட்டேன்.”

அந்த அத்தியாயத்தை எடுத்து நீட்டினார். புதுமுகங்களின் உற்சாகத்துக்குச் சான்றாக முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் ஒரு செய்தி: ‘வரேன் ஃப்ரெண்ட்ஸ். எல்லாரும் நல்லா படிங்க.’

செண்பகவல்லி அதை ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். பேனாவை மூடி வைத்தார்.

“சரி சார், கிளம்புங்க.”

“கையெழுத்து?”

“இன்னைக்கு வேண்டாம். கிளம்புங்க.”

குற்றாலிங்கத்துக்குச் சுருக்கென்றது. கேட்டதற்குப் பதிலும் இல்லை, கையெழுத்தும் இல்லை. காகிதங்களை அள்ளிக்கொண்டு எழுந்தார். எவ்வளவு கோபம் வந்தாலும் மரியாதையை விடாத மனிதர். கதவருகே போய்த் திரும்பி, “வாரேன் மேடம்” என்றார்.

“வாங்க, வாங்க. குழுவுல புதுசா சேர வந்திருக்கீங்களா?”

“இல்ல மேடம், நான் வாரேன்னு சொன்னது...”

அள்ளிக்கொண்ட காகிதங்களைக் குனிந்து பார்த்தார்.

சாவு வீட்டைத் தவிர எந்த வீட்டிலிருந்தும் அந்தச் சொல்லைச் சொல்லாமல் அவர் படி இறங்கியதில்லை. காலையில் மனைவியிடம்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மட்டும் அது எங்கே போய்த் தொலைந்ததோ!

“எல்லாரும் வந்துக்கிட்டே இருக்காங்கன்னு நினைச்சேன் மேடம்” என்றார்.

வீட்டுக்குப் போனதும் பெயர் நீக்காத பழைய செய்திகளைத் தோண்டி எடுத்தார். அந்தத் தடித்த எழுத்துச் செய்தி கடையத்து உலகம்மாளுடையது. தினமும் காலையில் குழுவுக்கு ஒரு கணக்குப் புதிர் போடும் பெண். வாயைத் திறக்காமலே அவரும் அந்தப் புதிர்களைத் தாளில் போட்டுப் பார்ப்பார். விடை சரியாக வந்த அன்றைக்குக் காபி கூடுதலாக ருசிக்கும். ஒருநாள் புதிர் நின்றுபோனது. ஊருக்குக் கீருக்குப் போயிருக்கும் என்று இருந்துவிட்டார். தேர்வு முடிவு வந்த அன்று சாயங்காலம் அவள் எழுதிய கடைசி வரியைத்தான் அவர் உற்சாகம் என்று எழுதி வைத்திருந்தார். அதை நினைத்ததும் அழுகை வந்தது. அழுது தீர்த்தார்.

ஆனாலும் பொறியாளர் அல்லவா? ஒயரை மாற்றிக் கொடுத்திருந்தால் கழற்றிச் சரியாகக் கொடுத்துவிட வேண்டியதுதானே! அடுத்த வாரம் பழைய மிடுக்கோடு வந்து நின்றார்.

“சரி பண்ணிட்டேன் மேடம். கோடு அதே கோடுதான். ‘வந்தவர்கள்’ங்கிற தலைப்பை எடுத்துட்டு ‘போனவர்கள்’னு போட்டுட்டேன். பேச்சு ஏன் குறைஞ்சுதுங்கிறதுக்கும் விடை கிடைச்சுட்டு. கூச்சக் கோட்பாட்டைத் தூக்கிக் கடாசிட்டேன். இனி எவனும் ஒரு குறை சொல்ல முடியாது.”

செண்பகவல்லி பேனாவைத் திறந்தார். குற்றாலிங்கத்துக்கு உயிர் வந்தது. பக்கங்கள் ஒவ்வொன்றாகப் புரண்டன. உலகம்மாளின் வரியில் வந்து பேனா நின்றது.

“இதுக்குக் கீழ யாரு என்ன பதில் போட்டிருக்காங்க?”

“பதில் ஒண்ணும் இல்ல மேடம், இப்படி எழுதின யாருக்குமே இல்ல. இதுக்கு அடுத்த செய்தி, ஹால் டிக்கெட் எப்போ வரும்னு ஒருத்தன் கேக்கான்.”

“நீங்க?”

“நான் ஆய்வாளர்லா. பேசக் கூடாதே.”

“சரி. இந்தப் பொண்ணு உங்க வீட்டுக்கு வருது. கிளம்பும்போது வாரேன்னு சொல்லுது. நீங்க என்ன சொல்வீங்க?”

“போயிட்டு வாம்மான்னு சொல்வேன்.”

“சொல்லலேன்னா?”

“அது எப்படி மேடம்? நாம சொல்லுத வரைக்கும் பாவம், வாசல்லயே நிக்கும்லா.”

செண்பகவல்லி ‘போனவர்கள்’ என்ற தலைப்பைக் குறுக்கே ஒரே கோடாக அடித்தார். கையெழுத்துப் போடாமலே ஆய்வேட்டை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

“அப்போ இவங்க யாரும் இன்னும் போகல சார்.”