முன்சக்கரத் திருகு

பவுன்தாயின் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களின் வண்டியை அவள் தொடமாட்டாள். ஓட்டுகிறவர் வேலை முடியும்வரை கூடவே நிற்க வேண்டும், ஸ்பேனர் பிடிக்க வேண்டும், கையில் கிரீஸ் ஒட்ட வேண்டும். பிடிக்காதவர்கள் வேறு பட்டறை பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் ஜீப்புகளில் பாதிக்கு மேல் அவள் கை பட்டவைதான். அவளுக்கு முப்பத்தாறு வயது. தன்னைவிட மூத்த டிரைவர்களும் அவளை மேஸ்திரி என்றே கூப்பிட்டார்கள்.

சாரல் தொடங்கி இரண்டு வாரம் கழிந்த ஒரு திங்கட்கிழமை காலையில் சுருளிவேல் தன் ஜீப்பைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினான். அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது.

"மேஸ்திரி, என் வண்டியில பின்சக்கரம் ரெண்டுதான் இழுக்குது. நாலும் இழுக்கணும். அதுக்கு என்ன செய்யணும்?"

பவுன்தாய் வேறொரு வண்டியின் அடியில் படுத்திருந்தாள். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"இத்தனை நாளா முன்சக்கரம் என்ன செஞ்சுது?"

"அது என்ன செய்யும்? பின்னாடி இருக்கிறது தள்ளும். முன்னாடி இருக்கிறது சும்மா உருளும்."

"வலிக்காத வேலை. சரி, வண்டியை உள்ள விடுங்க அண்ணே."

சுருளிவேல் வண்டியை உள்ளே விட்டான். இறங்கி இரண்டு எட்டு வைப்பதற்குள் அது மெல்லப் பின்னால் நகர்ந்தது. ஓடிப்போய்த் தாவி ஏறி பிரேக்கை மிதித்தான்.

"ஹேண்ட் பிரேக் போடலையா?"

"அது செத்து ரொம்ப வருஷமாச்சு மேஸ்திரி."

"மேட்டுல நிக்கணும்னா?"

"பொம்பளைங்க இறங்கிக் கல்லு வச்சிருவாங்க. அவங்களுக்குப் பழக்கம்."

பவுன்தாய் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். சுவரோரம் கிடந்த முட்டுக்கட்டை ஒன்றை எடுத்துப்போய், குனிந்து, அவன் ஜீப்பின் பின்சக்கரத்துக்குப் பின்னால் தானே வைத்தாள்.

பொம்பளைங்க என்று அவன் சொன்னது பதினோரு பேரை. ஏலத்தோட்டத்தில் கூலி வேலை செய்பவர்கள். இருபத்திரண்டு வருடமாக அவன் வண்டியில்தான் ஏறினார்கள். அந்தப் பதினோரு பேர் இல்லாவிட்டால் அந்த வண்டிக்கு மலையில் வேலையே இல்லை.

தோட்டத்துக்குப் போகும் வழியில் கரடி மேடு என்று ஒரு ஏற்றம் உண்டு. மழைக்காலத்தில் அங்கே பின்சக்கரம் சேற்றில் வெறுமனே சுற்றும். அப்போதெல்லாம் சுருளிவேல் இருக்கையிலிருந்தபடி, "இறங்குங்க, கல்லைப் போடுங்க, தள்ளுங்க" என்று குரல் கொடுப்பான். பெண்கள் இறங்குவார்கள். தள்ளுவார்கள். வண்டி மேலே ஏறியதும் சேற்றுக் காலோடு நடந்துவந்து மறுபடி ஏறிக்கொள்வார்கள். அது தினசரி நடப்பதுதான், அதில் அவனுக்கு ஒன்றும் தோன்றியதில்லை.

இந்த வருடம் முதல் சாரலன்று வண்டி பின்னால் சறுக்கியது. கல் வைத்துக்கொண்டிருந்த சின்னப்பேச்சியின் வலது மணிக்கட்டு முறிந்தது. அவள்தான் அந்தப் பதினோரு பேருக்கும் தலைவி மாதிரி.

மறுநாள் காலையில் ஜீப் ஸ்டாண்டில் மீதிப் பத்துப் பேரும் அவன் வண்டியைத் தாண்டி நடந்தார்கள். யாரும் திட்டவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. சன்னாசியின் ஜீப்பில் ஏறி நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டார்கள். சன்னாசியின் ஜீப்பில் நான்கு சக்கரமும் இழுக்கும்.

சுருளிவேலுக்குக் காரணம் புரிந்துவிட்டது. அதைத்தான் இப்போது பட்டறையில் நின்று பவுன்தாயிடம் கேட்டான்.

"சன்னாசி வண்டிக்கு நீங்கதானே செஞ்சு குடுத்தீங்க? அதே மாதிரி வேணும். உள்ள உட்கார்ந்தபடியே கம்பியை ஒரு இழு இழுத்தா நாலும் ஓடணும்."

"அதே மாதிரி முடியாது."

"ஏன் மேஸ்திரி? அவனுதும் இதுவும் ஒரே வண்டிதானே?"

"வண்டி ஒண்ணுதான்" என்றாள் பவுன்தாய்.

முதல் இரண்டு நாளும் அவள் செத்துப்போன ஹேண்ட் பிரேக்கைத்தான் சரிசெய்ய வைத்தாள். சுருளிவேலுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. நான் கேட்டது என்ன, இங்கே நடப்பது என்ன என்று நினைத்தான். மூன்றாம் நாள் அவளிடம் சொல்லாமல் மதுரைக்குப் போய், பழைய இரும்புக் கடை ஒன்றில் முன்சக்கரங்களை இழுக்கும் ஆக்சில் ஒன்றைப் பார்த்து எடுத்து, லாரியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

"துருவே இல்ல பாருங்க. வாகா அமைஞ்சிருச்சு."

பவுன்தாய் அதை முழுசாகக்கூடப் பார்க்கவில்லை. சாக்கட்டி ஒன்றை எடுத்து அவனிடம் கொடுத்தாள்.

"பின்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்குங்க. ரெண்டு சக்கரத்துலயும் ஒரு கோடு போடுங்க. பின்சக்கரத்துக்குப் போற நடுத் தண்டைக் கையால சுத்துங்க. சக்கரம் ஒரு சுத்து வர்றதுக்குள்ள தண்டு எத்தனை சுத்துன்னு எண்ணிச் சொல்லுங்க."

சுருளிவேல் மண்டிபோட்டுச் சுற்றினான். வாய்விட்டு எண்ணினான்.

"அஞ்சு. அஞ்சே காலுக்குக் கொஞ்சம் கூட."

"இப்ப நீங்க கொண்டாந்ததை எண்ணுங்க."

அதற்கும் கோடு போட்டுச் சுற்றினான். ஒருமுறை எண்ணினான். நம்பாமல் இன்னொருமுறையும் எண்ணினான்.

"நாலே கால்."

"அப்போ?"

அவன் இரண்டு ஆக்சிலையும் மாறி மாறிப் பார்த்தான். "முன்சக்கரம் வேகமா ஓடப் பார்க்கும். பின்சக்கரம் மெதுவாத்தான் வரும்."

"ஆமா."

"சேத்துல வழுக்கிக்கிட்டே போயிராதா மேஸ்திரி? யாருக்குத் தெரியப்போகுது?"

"சேத்துல தெரியாது. கெட்டித் தரைக்கு வந்ததும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சு இழுக்கும். ஒரு நாளைக்கு கியர் பல் உடையும்."

"எந்தப் பல்? முன்னாடியா பின்னாடியா?"

"அதையும் அதுங்கதான் பேசி முடிவு பண்ணும்." அவள் சாக்கட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "முன்னாடிக்கு வாங்கப் போனீங்க. பின்னாடி இருக்கிறதை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருக்கலாம்."

சுருளிவேல் மறுபடி மதுரைக்குப் போனான். அதே கடையில் சாக்கட்டியோடு குத்தவைத்து, ஒவ்வொரு ஆக்சிலாகச் சுற்றி எண்ணினான். கடைக்காரர், "ஜோசியம் பாக்குறீங்களா?" என்று கேட்டார். ஒன்பதாவது ஆக்சிலில் ஐந்தே காலுக்குக் கொஞ்சம் கூட வந்தது.

பிறகு வேலை வேகமாக நடந்தது. பழைய முன் ஆக்சில் கழன்றது. புதியது ஏறியது. வண்டியின் நடுவில், எஞ்சினின் இழுப்பைப் பின்னுக்கும் முன்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி உட்கார்ந்தது. அதிலிருந்து முன்பக்கம் ஒரு தண்டு போயிற்று. இருக்கைக்குப் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு கம்பி முளைத்தது. சுருளிவேல் அதை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டான். அந்தக் கம்பியைப் பற்றி அவன் நிறையக் கேட்டான், பவுன்தாய் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியாக முன்சக்கரங்களின் நடுவில், உள்ளங்கை அகலத்தில் ஏதோ ஒன்றை அவள் பொருத்தியபோது அவன் கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டாம் நாள் நல்ல மழை.

"இன்னைக்குக் கரடி மேட்டுல ஏத்திப் பாத்துருவோம்" என்றாள் பவுன்தாய். "வெறும் வண்டி ஏறினா ஒண்ணும் தெரியாது. எடை வேணும்."

ஐந்து உரமூட்டைகளை ஏற்றினார்கள். பிறகு அவள் வண்டியை ஒரு தெருவுக்குள் விடச் சொன்னாள். ஒரு வீட்டு வாசலில் சின்னப்பேச்சி குடையோடு நின்றிருந்தாள். வலது கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது.

சுருளிவேல் கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மேஸ்திரி வீட்டுக்கு வந்து கூப்பிட்டாங்க, வந்தேன்" என்றாள் சின்னப்பேச்சி, இடது கையால் பிடித்து ஏறியபடி. "உனக்காக இல்ல."

"ஏறிப் பாரு மதினி. இப்ப நாலு சக்கரமும் இழுக்கும்."

"எட்டுச் சக்கரம் மாட்டு. ஓட்டுறது நீதானே?"

பவுன்தாய் முன்னால் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கரடி மேட்டின் அடியில் சேறு ஆழமாகக் குழைந்து கிடந்தது. சுருளிவேல் இரண்டாவது கம்பியை இழுத்தான். உள்ளே ஏதோ பொருந்துகிற சத்தம் கேட்டது. அவன் முகம் மலர்ந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தான். வண்டி ஒரு ஆள் நீளம் ஏறியது. நின்றது. பின்சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன. முன்சக்கரங்கள் அசையவில்லை.

"மேஸ்திரி, இழுக்கலையே! எல்லாரும் இற..."

வாய் பழக்கத்தில் வந்துவிட்டது. அவன் திரும்பிப் பார்த்தான். சின்னப்பேச்சியின் ஒரு கால் ஏற்கெனவே வெளியே போயிருந்தது. கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறு கையால் குடையைக்கூட எடுக்காமல், அவள் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். அவளும் யோசிக்கவில்லை.

"உட்காருங்க அக்கா" என்றாள் பவுன்தாய். பிறகு சுருளிவேலிடம், "திருகைப் போடலையே அண்ணே" என்றாள்.

"எந்தத் திருகு?"

"முன்சக்கரத்து நடுவுல இருக்கு. ரெண்டு பக்கமும் திருப்பினாத்தான் இழுப்பு சக்கரத்துக்குப் போகும்."

"அதை உள்ள இருந்தே..."

"முடியாது. கையாலதான் திருப்பணும்."

"யாரு போய்த் திருப்புறது?"

பவுன்தாய் குனிந்தாள். பட்டறையிலிருந்து எடுத்துவந்து காலடியில் போட்டிருந்த முட்டுக்கட்டையை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

சுருளிவேல் ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். அது பிடித்தது. இறங்கினான். சேறு கணுக்காலைத் தாண்டிக் குளிர்ந்தது. கட்டை வைப்பதற்காக வண்டியின் பின்பக்கம் போனான்.

பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு அடி அகலம்கூட இல்லை. கீழே மரங்களின் உச்சி தெரிந்தது. அந்த ஒரு அடியில் பழைய கற்கள் நிறையக் கிடந்தன. சில புதிதாக இருந்தன. சில பாசி பிடித்துப் பாதி புதைந்திருந்தன. நிற்பதற்கு அவன் வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. குனிந்தால் பிடியை விட்டாக வேண்டும்.

அவன் அங்கே சற்று அதிக நேரம் நின்றான்.

பிறகு பிடியை விட்டுக் குனிந்து கட்டையை வைத்தான். முன்னால் வந்து இடதுபக்கச் சக்கரத்தின் முன் மண்டியிட்டான். நடுவில் அப்பியிருந்த சேற்றைக் கையால் வழித்தான். திருகு தெரிந்தது. திருப்பினான். எழுந்து, சுற்றி வந்து, வலதுபக்கச் சக்கரத்தின் முன்னும் மண்டியிட்டுத் திருப்பினான். மழை முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது.

அவன் ஏறி உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதித்தான். நான்கு சக்கரமும் தரையைப் பற்றிக்கொண்டன. ஜீப் சத்தத்தோடு மேலே ஏறியது. ஏறி முடித்ததும் வண்டியை நிறுத்திவிட்டு அவன் மறுபடி கீழே நடந்துபோய் முட்டுக்கட்டையை எடுத்துவந்தான். அதைச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை.

"திருகைப் போட்டது போட்டபடி தார் ரோட்டுல ஓட்டலாமா?" என்று திரும்பும்போது கேட்டான்.

"கூடாது. கம்பியைத் தள்ளிட்டு, திருகையும் கழட்டிரணும்."

தார் ரோடு தொடங்கும் இடத்தில் அவன் நிறுத்தினான். இறங்கி இரண்டு பக்கமும் திருகைத் திருப்பினான். கட்டையைப் பின்னால் போட வந்தபோது சின்னப்பேச்சி இடது கையை நீட்டினாள்.

"அதை இங்க குடு. என் காலடியில கிடக்கட்டும்."

கொடுத்தான்.

"எனக்குக் கட்டுப் பிரிக்க இன்னும் பதினஞ்சு நாள் ஆகும்" என்றாள் அவள், ரோட்டைப் பார்த்தபடி. "மத்தவளுகளை வரச் சொல்றேன். காலையில ஆறு மணிக்கு வந்து நில்லு. லேட் பண்ணாத."

"வந்துருவேன் மதினி."

அவளை வீட்டில் இறக்கிவிட்டுப் பட்டறைக்குத் திரும்பினார்கள். பவுன்தாய் இறங்கி, சாக்குத்துணியில் கையைத் துடைத்தாள். சுருளிவேல் இறங்காமல் உட்கார்ந்திருந்தான். அவன் மனதில் ஒன்று மட்டும் இன்னும் அடங்கவில்லை.

"மேஸ்திரி, திருகு இல்லாம, எப்பவும் இணைஞ்சே இருக்கிற மாதிரி ஒரு தகடு இருக்காமே?"

"இருக்கு. உள்ள டப்பாவுல ரெண்டு ஜோடி கிடக்கு."

"சன்னாசி வண்டிக்கு அதைத்தானே போட்டீங்க? அவன் உட்கார்ந்த இடத்துலயே கம்பியை இழுத்துட்டுப் போறான். எனக்கு மட்டும் எதுக்கு இந்தத் திருகு?"

பவுன்தாய் சாக்குத்துணியை ஆணியில் மாட்டினாள்.

"சன்னாசி அண்ணன் வண்டிக்கு அது தேவைப்படலை அண்ணே. மேடு வந்தா அவருதான் முதல்ல இறங்குறார்."